மங்காத மருதாணி

"உங்க வாயாலதானே மேடம் நல்ல பையன்னு சொன்னீங்க?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே நஃபீசா அம்மாள் கேட்டுவிட்டார். மேற்குத் தாம்பரத்தில் திரைச்சீலை, பெட்ஷீட் கடை வைத்திருப்பவர். கணவர் போன பிறகும் தனி ஆளாக அதை நடத்தி வருகிறார். மகள் மெஹ்னாஸுக்கு வரன் பார்த்தபோது எங்களிடம்தான் வந்தார். கல்யாணம் முடிந்து, இப்போது மறுபடியும் எங்களிடமே வந்திருக்கிறார். எங்கள் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் இரண்டாவது முறை படியேறி வந்தால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டுக் கொலை, கொள்ளை என்று இதுவரை யாரும் வந்ததில்லை. வருவதெல்லாம் கல்யாணக் கேஸ். மாப்பிள்ளை குடிக்கிறாரா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாரா, ஏற்கெனவே எங்காவது ஒரு குடும்பம் வைத்திருக்கிறாரா. கண்டுபிடிப்பவர் ரத்தினபாய் மேடம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவர், பிள்ளைகள் சொல்லும் பொய்களைப் பிடித்துப் பிடித்துக் கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டார். வெயிலில் அலைபவன் சவுரிமுத்துவாகிய நான்.

"உட்காருங்க நஃபீசாம்மா. ஜைத் என்ன பண்ணிட்டாரு?" என்றார் மேடம்.

"என்ன பண்ணினாருன்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்? ஹனிமூன்னு விசாகப்பட்டினம் போனாங்க. போனதுல இருந்து மெஹ்னாஸ் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கூப்பிட்டா கட் ஆகுது. வீடியோ கால் போட்டா சிக்னல் இல்லைன்னு மெசேஜ் வருது. தினம் காலையில போட்டோ மட்டும் வந்துடுது."

"சிக்னல் இல்லாத ஊர்ல இருந்து போட்டோ மட்டும் எப்படிம்மா வருது?" என்றேன்.

"அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன்."

நான் தமாஷுக்குச் சொன்னது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. ராத்திரியெல்லாம் தூங்காத கண். எதிரில் இருப்பவரை நேராகப் பார்க்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டு பேசினார். பெண்ணைக் கொடுத்துவிட்டுப் பயந்துபோயிருக்கும் தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை ஜைத்தின் பின்னால் அலைந்தவன் நான்தான். சிறுசேரியில் சாப்ட்வேர் கம்பெனி. ஆபீஸ் விட்டால் வீடு, வெள்ளிக்கிழமையானால் பள்ளிவாசல், திரும்பும் வழியில் ஒரு ஃபலூடா. இப்படி ஒரு ஆளைப் பின்தொடர்வது தண்டனை. குறை சொல்ல ஒன்றுமில்லை என்று மேடத்திடம் ரிப்போர்ட் சொன்னபோது எனக்கே கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவி விட்ட நேரத்தில் எதையோ கோட்டை விட்டுவிட்டேனோ?

"குரலாவது கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"நேத்துக்கு முந்தின நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா."

அவர் போனைத் தட்டினார். மெஹ்னாஸின் குரல் அவசரமாகப் பேசியது. "அம்மா, நாங்க நல்லா இருக்கோம். இன்னிக்கு மலைக்குப் போறோம், ரோப் கார் எல்லாம் இருக்காம். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க, கடையில நின்னுட்டே இருக்காதீங்க." பின்னால் ஏதோ இரைச்சல் எழுந்தது. நஃபீசா அம்மாள் சட்டென்று கட்டை விரலால் அதை நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா," என்றேன்.

"அது வெறும் சத்தம் தம்பி."

மேடம் எல்லாவற்றையும் தன் நம்பருக்கு அனுப்பச் சொன்னார். நஃபீசா அம்மாள் ஒன்று விடாமல் அனுப்பினார், வாய்ஸ் மெசேஜ் உட்பட.

"மெஹ்னாஸ் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட பேசியிருக்கலாமே."

"எனக்கு ஒரே பொண்ணு மேடம்." எழுந்துவிட்டார். கதவுவரை போய்த் திரும்பி, "எங்க இருக்காங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, போதும்," என்றார்.

*

போட்டோக்களை கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். கடற்கரை, நீர்மூழ்கிக் கப்பல் மியூசியம், ரோப் கார், மீன்பிடிப் படகுகள். ஒவ்வொன்றிலும் மெஹ்னாஸ் வேறு வேறு துப்பட்டாவில் இருந்தாள். ஜைத் எல்லாவற்றிலும் பல் வலிக்காரன் மாதிரி சிரித்தான்.

"மேடம், இந்தப் பொரி மிக்சர்காரரப் பாருங்க," என்றேன். "கடற்கரை போட்டோ மூணு கீது. மூணும் வேற வேற நாள் வந்துது. மூணுலயும் அதே ஆளு, அதே கோடு போட்ட சட்டை. சரி, சட்டை ஒண்ணுதான்னு வெச்சுக்கலாம். ஆனா கூடையில பொரி அதே உசரத்துல நிக்குது. அந்த ஊர்ல ஒருத்தன் கூடவா வாங்கித் தின்னல?"

தின்பண்டம் என்றால் மட்டும் என் கண் நன்றாக வேலை செய்யும் என்று மேடம் அடிக்கடி சொல்வார். இன்று அதைச் சொல்லாமல் திரையில் மெஹ்னாஸின் கையைப் பெரிதாக்கினார்.

"நீ பொரியைப் பாரு, நான் மருதாணியைப் பாக்கறேன். கல்யாண மருதாணி, சோறு தின்னு கை கழுவக் கழுவ வெளுத்துட்டே வரும். முதல் போட்டோவுல எப்படி இருக்கு?"

"ரத்தச் சிவப்பு."

"இன்னிக்குக் காலையில வந்ததுல?"

அதே ரத்தச் சிவப்பு. ஓரம்கூட மங்கவில்லை.

"எல்லாம் ஒரே நாள்ல எடுத்தது," என்றார் மேடம். "துப்பட்டாவை மட்டும் மாத்தி மாத்தி எடுத்திருக்காங்க. எடுத்து வெச்சுட்டு தினம் ஒண்ணா அனுப்பறாங்க."

"யாரு அனுப்பறது? மெஹ்னாஸா, அந்தாளா?"

மெஹ்னாஸின் போன் யார் கையில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். மேடம் வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டார். நஃபீசா அம்மாள் நிறுத்திய இடத்துக்கு அப்புறமும் ஓடியது. இரைச்சல் நெருங்கி வந்து ஒலிபெருக்கியானது. "வாங்க, வாங்க, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் அருகில் புத்தம் புதிய பிரியாணிக் கடை, ஒரு பிரியாணி வாங்கினால் ஒரு பிரியாணி இலவசம்..."

"இன்னா மேடம் இது? வைசாக்ல இருக்கறவனுக்கு ராஜகீழ்ப்பாக்கத்து பிரியாணியக் கூவி விக்கறானுங்களா?"

"ஷ்ஷ்."

கடைசியில், மெஹ்னாஸ் பேச்சை முடிக்கும் அவசரத்தில், ஒரு குழந்தை வீறிட்டது. பிறந்த குழந்தை. மேடம் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"கல்யாணமாகி ஒரு வாரம் ஆன பொண்ணுகிட்ட கைக்குழந்தை எப்படி மேடம் வரும்? அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. குழந்தையும் கீது. இவளைக் கூட்டிட்டுப் போய் ஊரு சுத்திக் காட்டறாப்ல காட்டிட்டு, இட்டாந்து அந்த வூட்ல ஆயா வேலைக்கு வெச்சுட்டான். நாமதான் சர்ட்டிபிகேட் கொடுத்தோம். நான்தான் கொட்டாவி விட்டுக்கினு நல்லவன்னு சொன்னேன்."

"நீ பார்த்தே. கையெழுத்து போட்டது நான்," என்றார் மேடம். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு குன்றல். கைப்பையை எடுத்துக்கொண்டு, "ஸ்கூட்டரை எடு," என்றார்.

*

சேலையூர் தாண்டி, கேம்ப் ரோடு நெரிசலில் நீந்தி, ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பிரியாணிக் கடை வாசலில் பலூன் வளைவு பாதி சூம்பிப்போய்த் தொங்கியது. ஒண்ணு வாங்கினால் ஒண்ணு இலவசம், ஆளுக்கு ஒண்ணு ஆகும் என்று நான் ஆரம்பித்தேன். மேடம் பார்த்த பார்வையில் முடித்துக்கொண்டேன்.

கடைக்குப் பக்கத்திலேயே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நின்றது. டிரைவர் துரைராஜ் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"அண்ணா, முந்தாநேத்து மைக் கட்டிக்கினு எந்தெந்தத் தெருவுல போனீங்க?" என்றேன்.

"ஏம்பா, கடக்காரர் அனுப்சாரா?"

"இல்லண்ணா. சொந்தக் கவலை."

அவர் எழுந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஊரு ஃபுல்லா சுத்தணும்னாரு. கடைத்தெருல ஒரு ரவுண்டு போனேன், அப்பால அந்தத் தண்ணி டேங்க் கீதே, அந்தத் தெரு. அத்தோட பேட்டரி பூட்ச்சு. வந்து கம்னு படுத்துக்கினேன். ஊரே சுத்துனேன்னு அவர்கிட்ட சொல்லிக்கினு கீறேன், மாட்டி வுட்றாதப்பா."

"சொல்ல மாட்டேன்ணா. எங்க கைலயே சொல்லக்கூடாதது நெறைய கீது."

கடைத்தெருவில் வீடு இல்லை. மிச்சம் தண்ணீர் டேங்க் தெரு. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். நான் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன், மேடம் மொட்டை மாடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். தெருக்கோடியில் என் தோளைத் தொட்டார்.

மாடிப் போர்ஷன். மேலே கொடியில் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணிகள் வரிசையாகக் காய்ந்தன. அவற்றுக்கு நடுவில் கிளிப்பச்சையில் ஜரிகை வைத்த ஒரு துப்பட்டா. நீர்மூழ்கிக் கப்பலுக்கு முன்னால் மெஹ்னாஸ் போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜைத் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். ஒரு கையில் டயப்பர் பாக்கெட், இன்னொரு கையில் நாட்டு மருந்துக் கடைப் பை. சுக்கு, திப்பிலி வாசனை எங்கள்வரை அடித்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியச் சாமான். கல்யாண மாப்பிள்ளை வாங்குகிற சாமானா இது?

"சட்டையப் பிடிக்கட்டா மேடம்?"

"பிடிச்சா உள்ள இருக்கற பொண்ணு பயந்துடும். பின்னாடியே வா."

அவன் படியேற, நாங்களும் ஏறினோம். காலடி கேட்டுத் திரும்பினான். "யாரு சார் நீங்க?"

"மெஹ்னாஸ் எங்க?" என்றார் மேடம்.

அவன் முகம் செத்துப்போனது. அவன் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கருகமணி போட்ட கழுத்து, கலைந்த தலை, தோளில் ஒரு பச்சைக் குழந்தை. மெஹ்னாஸ்தான். குழந்தையின் முதுகைத் தாங்கியிருந்த கையில் மருதாணி வெளுத்து, விரல் நுனியில் மட்டும் ஆரஞ்சாக நின்றது.

"உங்க அம்மா அனுப்பினாங்க," என்றார் மேடம். "உன்னை இங்க அடைச்சு வெச்சிருக்காரா?"

மெஹ்னாஸ் புருஷனைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "இவரா? இவருக்கு ஒரு பூனையக்கூட அடைக்கத் தெரியாது."

"அப்போ குழந்தை யாருது?" என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"என்னோடது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

*

கட்டிலில் படுத்திருந்தவளுக்கு நஃபீசா அம்மாளின் அதே மூக்கு, அதே நெற்றி. யாரென்று அறிமுகம் தேவைப்படவில்லை. மெஹ்னாஸ்தான் சொன்னாள்.

"எங்க அக்கா நிகத். ஜாய்சன்னு ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஃபேக்டரியில வேலை அவருக்கு, இப்பவும் ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு. வேத்து மதம்னு அம்மா கதவைச் சாத்திட்டாங்க. இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்னுட்டாங்க."

அந்த வாக்கியத்தை அன்று காலையில் எங்கள் ஆபீஸில் கேட்டிருந்தோம். மேடம் கண்ணை மூடித் திறந்தார்.

"முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுலதானே வந்து கூட்டிட்டுப் போகணும்?" மெஹ்னாஸின் குரல் தழுதழுத்தது. "யாரும் வரல. அக்காவோட மாமியார் வீட்லயும் எட்டிப் பாக்கல."

"அது எங்க கிறிஸ்தவ ஆளுங்கதான். நாங்களும் லேசுப்பட்டவங்க இல்ல," என்றார் மேடம்.

"என் நிகாஹ் அன்னைக்குத்தான் இவளுக்கு ஆபரேஷன். பொண்ணு ரூம்ல உக்காந்திருக்கேன், ஜாய்சன் மாமா மெசேஜ் போடறாரு. ஆளாளுக்கு என் வாயில பேரீச்சம்பழம் ஊட்டறாங்க. நான் சிரிச்சுட்டே தின்னேன் மேடம். அக்கா அங்க தனியாக் கிடக்கறா, நான் நகையப் போட்டுக்கிட்டு சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன். இவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன். கோவிச்சுப்பாருன்னு நினைச்சேன். 'நம்ம போய்ப் பாத்துக்கலாம்'னு சொல்லிட்டாரு."

ஜைத் மருந்துப் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தான். "டிக்கெட் ஏற்கெனவே போட்டாச்சு. போகலைன்னா அத்தைக்குச் சந்தேகம் வரும். அதான் போனோம். ஒரே நாள்ல எல்லா இடமும் ஓடி ஓடி போட்டோ எடுத்தோம். துப்பட்டா மூட்டையோட சுத்தறதைப் பார்த்துட்டு அந்த ஊர் ஆட்டோக்காரர் எங்களை சினிமாக்காரங்கன்னு நினைச்சுட்டாரு. அக்காவை ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பறதுக்குள்ள திரும்பிட்டோம்." தலையைக் குனிந்துகொண்டான். "அத்தை வீடியோ கால் பண்றப்ப எல்லாம் கட் பண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் பாவம் பண்ற மாதிரி இருக்கும்."

இந்த ஆளைத்தான் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினேன். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவன் கையிலிருந்த பையை வாங்கி நானே கீழே வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"தப்பு என் பேர்லதான்," என்றார் மேடம். "எங்க தொழில்ல மாப்பிள்ளை வீட்டைத் துருவித் துருவி விசாரிப்போம். கேஸ் கொடுக்கறவங்க வீட்டை யாரும் விசாரிக்கறதில்ல. அவங்க ஒரே பொண்ணுன்னா அப்படியே எழுதிக்குவோம். பாதிதான் விசாரிச்சிருக்கேன்."

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம்," என்றாள் மெஹ்னாஸ். "ஜைத்தையும் வெறுத்துடுவாங்க. என்னையும் சேர்த்துச் சாத்திட்டாங்கன்னா அக்காவுக்கு யாருமே இல்ல."

மேடம் குழந்தையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"சவுரி, ஒரு அம்மா. மக ஹனிமூன் போயிருக்கா. மருமகன் இருக்கற இடத்துல கைக்குழந்தை அழுவுது. முதல்ல எதைக் கேப்பா?"

"அது யாரு குழந்தைன்னு."

"நஃபீசாம்மா கேட்டாங்களா?"

கேட்கவில்லை. அழுகை வருவதற்கு முன்பே நிறுத்தினார், வெறும் சத்தம் என்றார், ஆனால் எங்களுக்கு முழுசாக அனுப்பிவைத்தார். எனக்கு மெதுவாக விளங்கியது. மெஹ்னாஸுக்கு என்னைவிட வேகமாக விளங்கிவிட்டது. அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஒரே ரிங்கில் எடுத்தார்கள்.

"நஃபீசாம்மா, மெஹ்னாஸ் நல்லா இருக்கா. ஜைத் மேல ஒரு தப்பும் இல்ல. கவலைப்படாதீங்க."

எதிர்ப்பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அந்தக் குரல், காலையில் கேட்டதில் பாதிகூட இல்லாத குரல், கேட்டது.

"அந்தக் குழந்தை பால் குடிக்குதா மேடம்?"

நிகத் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குடிக்குது. பொண்ணு."

"அவளுக்கு... ஆபரேஷனா?"

"ஆமா. எழுந்து நடக்கறா."

"மாசமா இருக்கான்னு அரசல் புரசலாத் தெரியும் மேடம். அந்த அழுகையைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. சாயங்காலம் கடையில உக்காந்திருந்தாக்கூட காதுல கேக்குது. யார்கிட்டப் போய்க் கேப்பேன், அவ எங்க இருக்கான்னு? கதவைச் சாத்தினவ நான். கேக்க வாய் வரல. அதான் ஜைத் பேரைச் சொல்லிக்கிட்டு உங்ககிட்ட வந்தேன். ஒரு பாவமும் அறியாத பையன் மேல பழியப் போட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "தப்பு பண்ணிட்டேன் மேடம். பெரிய தப்பு பண்ணிட்டேன். நான் வரலாமான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. வேணாம்னா வரல. கட்டாயம் இல்ல."

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். நிகத் திரும்பவில்லை. பக்கத்து ஸ்டூலில் மெஹ்னாஸ் சமைத்த பூண்டுக் குழம்பும் சோறும் தொடாமல் ஆறியிருந்தன. ஜைத் மூச்சுவிடவே பயந்துகொண்டு நின்றான். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அந்த அறையில் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது.

"அக்கா," என்றாள் மெஹ்னாஸ்.

நிகத் சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "நான் இன்னும் சாப்பிடலன்னு சொல்லு."

மெஹ்னாஸ் போன் பக்கம் குனிந்தாள்.

"பசிக்குதுன்னு சொல்லுடி."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனில் கடை ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது, பட்டப்பகலில். பூட்டுச் சாவிகள் குலுங்கின. மூச்சிரைக்க நடந்துகொண்டே நஃபீசா அம்மாள் கேட்டார்.

"ராஜகீழ்ப்பாக்கம்னு தெரியும் மேடம். எந்தத் தெரு?"